நான்கு படங்களிலும் உன் அம்மா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே கடவுள் விட்ட வழியில் உண்டு உறங்கி நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே எங்களைவிட ஒரு படி மேலாகவே இருக்க வேண்டும் என்று கண்ணை மூடும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். குட்டிக்கு இருமல் நின்றதா, நின்றுவிட்டது என்று தொப்பியைக் கழற்றிவிடாதே, காதுதான் முக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் டாக்டரிடம் போகலாம் என்று சொன்னதும் சரியாகிவிடுகிறது. போன வாரம் போனில் உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், ஒன்றும் இல்லை என்றேன். ஒன்றும் இல்லாமல் இல்லை. போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்துவிடுவாய், நீ சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன், அப்புறம் இது சிரிக்கிற விஷயம்தானா என்பதே எனக்குப் புரியாமல் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், உன் பள்ளிக்கூடப் புத்தகத்தை ஓரமாக எட்டிப் பார்த்துக் கற்ற எழுத்துதானே.

நம் தெருவில் பெண்கள் நடத்தும் கடைகள் இன்னும் அதே வரிசையில்தான் இருக்கின்றன. முனையில் ரொட்டிக்கடை அக்கா, அடுத்து உன்னை மருமகள் என்று கூப்பிடுவாளே அந்தத் தையல்காரி, அவள் கடைக்கு மேல் மாடியில் பாட்டு டீச்சரின் வகுப்பு, கடைசியாக நீ போன பிறகு வந்த சைக்கிள்கடைத் தங்கச்சி. யாருக்காவது டாக்டரிடமோ பேங்குக்கோ போகவேண்டி வந்தால் நம் ஜன்னலுக்குக் கீழே நின்று ஒரு குரல் கொடுப்பாள், நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் அவள் வரும்வரை கடையில் உட்காருவேன். இது உனக்குத் தெரிந்ததுதான், பாதி வீட்டுப்பாடத்தைத் தையல்காரி துணி வெட்டுகிற மேஜையில்தானே நீ எழுதினாய். எனக்குத் தைக்கத் தெரியாது, கேக் செய்யத் தெரியாது, பஞ்சர் ஒட்டத் தெரியாது, பாட்டு என்றால் சாமி முன்னால் முணுமுணுப்பதோடு சரி. வந்தவருக்குப் பதில் சொல்லி, விற்றதைத் துண்டுச் சீட்டில் குறித்து வைத்துவிட்டு வருவேன், அவ்வளவுதான். போன மாதம் நகரசபையில், இந்த ஊரின் சாப்பாட்டையும் கலையையும் வியாபாரத்தையும் வளர்த்த பெண்களைக் கொண்டாடப் போகிறோம், ஊர் மண்டபத்தில் அவர்கள் படங்களை மாட்டிக் கண்காட்சி வைத்து, கடைசி நாளில் மேடைக்கும் அழைப்போம் என்று சொல்லி, இவர்கள் நாலு பேரையும் ஒரு மதியம் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். நாலு பேரும் ஒன்றாகக் கிளம்பிவிட்டதால் நாலு கடைக்கும் நான் ஒருத்தி, ஒன்று மாற்றி ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தேன். அங்கே இவர்களை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கும் அதே மதியம், கடைக்காரப் பெண்களை வேலை செய்கிற கோலத்திலேயே படம் எடுத்து வாருங்கள் என்று கல்லூரிப் பிள்ளைகளைக் கடைக்கு ஒருவராக இங்கே அனுப்பிவிட்டார்கள். நான் என்ன கண்டேன், கடையைத்தான் படம் எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். அவங்க வெளியே போயிருக்காங்க என்று சொல்ல வாயைத் திறந்தாலே, பேசாதீங்கம்மா, நீங்க பாட்டுக்கு இருங்க, கேமராவைப் பார்க்காதீங்க என்று அடக்கிவிட்டார்கள். நானும் என் பாட்டுக்கு இருந்தேன்.

கண்காட்சி திறந்த அன்று அவர்கள் நாலு பேரும் நானுமாக நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு போனோம். தையல்காரி மட்டும் தலைக்குச் சாயம் கூடப் போட்டிருந்தாள், வெளியூரில் இருக்கும் அவள் மகனும் மருமகளும் இதற்காகவே வந்திருந்தார்கள். உள்ளே போனால் கதவளவு படங்கள். ரொட்டிக்கடையில் அக்காவின் ஏப்ரனும் தொப்பியுமாக நான் நிற்கிறேன், அவள் கடையில் கல்லாவுக்குப் பின்னால் யார் நின்றாலும் அதைப் போட்டாக வேண்டும் என்பது உனக்குத் தெரியும். கீழே, நகரின் காலை உணவை மாற்றியவர் என்று எழுதியிருக்கிறது. அடுத்த படத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன டயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அதற்கடுத்ததில் வகுப்புப் பிள்ளைகளைப் பேசாமல் இருக்கச் சொல்லி விரலைத் தூக்கினேன், அது தாளம் போடுவது மாதிரி விழுந்திருக்கிறது. கடைசிப் படத்தில் தையல் மிஷின் பக்கத்தில், தொலைந்துவிடக் கூடாதே என்று டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சைக்கிள்கடைத் தங்கச்சி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், அக்கா நீங்க பஞ்சர் ஒட்டற அழகைப் பார்த்தா நான் கடையை மூடிட்டுப் போயிடலாம் போல இருக்கே என்றாள். ரொட்டிக்கடை அக்கா கண்ணாடியை எடுத்து மாட்டிப் பார்த்துவிட்டு, கடை லட்சணமா விழுந்திருக்கு, நீதான் வேகாத பன்னு மாதிரி நிக்கிறே என்றாள். பாட்டு டீச்சர் கீழே எழுதியிருந்ததைப் பொறுமையாகப் படித்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது, பொய் சொன்னால் சாமி கேட்கும். திரும்பிப் பார்த்தால் தையல்காரியைக் காணோம். வாசலுக்கு ஓடினேன். படியில் நின்றுகொண்டிருந்தாள், மகன் கொஞ்சம் தள்ளி நின்றான். நீயும் அவள் மகனும் பாலர் வகுப்பில் கையைப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து அவள் என்னைச் சம்பந்தி என்றுதான் கூப்பிடுவாள், நீங்கள் ஆளுக்கொரு பக்கம் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் விடவில்லை. அன்றைக்கு என்னை நீங்க என்றாள். போர்டுல செத்துப்போன என் புருஷன் பேரு, லைசென்ஸ்ல என் மகன் பேரு, இப்ப போட்டோவுல நீங்க, அப்போ அந்தக் கடையில நான் யாருங்க என்று கேட்டாள். அவள் புருஷன் இருந்தவரை அங்கே பொத்தானும் ஊசியும்தானே விற்றார்கள். பள்ளிக்கூடச் சீருடையிலிருந்து கல்யாண உடுப்புவரை இந்த ஊரில் பாதிப் பேர் போட்டிருப்பது அவள் கைபட்டதுதான், அந்தக் கை யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. முன்னெல்லாம் நூல் வாங்கப் போனால் என்னைக் கூப்பிடுகிறவள், இப்போது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போகிறாள். அந்தப் பாதி ஷட்டரைப் பார்க்கும்போது என் வீட்டுக் கதவை யாரோ என் முகத்துக்கு நேராகச் சாத்தின மாதிரி இருக்கிறது. போய்ப் பேசினேன். நான் பேச ஆரம்பித்தால் மிஷின் ஓடும், நான் நிறுத்தினால் மிஷினும் நிற்கும், என்ன தைத்தாளோ தெரியாது. சரி, அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லலாம் என்று கண்காட்சியை நடத்தும் நகரசபை மேடத்திடம் போனேன். அந்த அம்மாள் முழுக்கக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள், மன்னிப்பும் கேட்டாள். மற்ற மூவரும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டதால் அவர்கள் கடைப் படங்கள் அப்படியே இருக்கும், தையல்கடைப் படத்துக்குப் பதில் புதிதாக ஒன்று எடுத்துத் தந்தால் ஞாயிற்றுக்கிழமை மேடை விழாவுக்குள் மாற்றிவிடலாம் என்றாள். அதோடு விட்டாளா, உங்களைத்தான் நாங்க கவனிக்காம விட்டுட்டோம், நீங்க உட்கார்ந்ததாலதான் அந்தக் கடைகள் ஒரு நாளும் மூடலை, ஐந்தாவது ஆளா நீங்களும் மேடைக்கு வரணும் என்று என் பெயரையும் எழுதிக்கொண்டாள். எனக்குத் தலை சுற்றிவிட்டது. பரிகாரம் தேடிப் போன இடத்தில் பரிசைக் கொடுத்து அனுப்பினால் நான் எந்த முகத்தோடு அவள் கடை வழியே நடப்பேன். சைக்கிள்கடைத் தங்கச்சி கட்டாயம் வாங்க என்கிறாள். பாட்டு டீச்சர், மாமியாரை ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தப்போ நீங்க வந்து பிள்ளைங்களை உட்கார வைக்கலேன்னா என் கிளாஸ் அன்னிக்கே கலைஞ்சிருக்கும் என்கிறாள். ரொட்டிக்கடை அக்கா, போ, போகாதே, எதையாவது செய், ஆனா கடை வாசல்ல நின்னு புலம்பாதே, வர்றவங்க ரொட்டிக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு நினைக்கிறாங்க என்கிறாள். உன் அப்பாவோ, சும்மா உட்கார்ந்ததுக்குப் பாராட்டுன்னா முதல்ல என்னைத்தானே கூப்பிடணும் என்கிறார். சும்மா உட்கார்ந்தது ஒரு வேலையா, வேலை என்றால் இத்தனை நாள் எனக்கு ஏன் தெரியவில்லை, வேலை இல்லை என்றால் டீச்சர் ஏன் அப்படிச் சொன்னாள், எந்தப் பக்கம் கூட்டினாலும் இடிக்கிறது. வீட்டுக் கணக்கில் இப்படி இடித்தால் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன், இதில் எங்கே தேடுவது என்றே தெரியவில்லை. சாமியிடம் கேட்டேன், அவரும் யோசிக்கிறார் போலிருக்கிறது.

நேற்று அந்தத் தையல்கடைப் படத்தை எடுத்த பெண்ணே மறுபடி வந்தாள், பாவம், அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. நான் எட்டத்தில் சைக்கிள்கடையிலேயே நின்றுகொண்டேன். தையல்காரி பட்டுத்துணி மாதிரி எதையோ உடுத்திக்கொண்டு, பாஸ்போர்ட்டுக்குப் பிடிப்பதுபோல் விறைப்பாக உட்கார்ந்தாளாம். எத்தனை தடவை எடுத்தாலும் அதே விறைப்பு. வழக்கமா செய்யறதைச் செய்யுங்க ஆன்ட்டி என்று அந்தப் பெண் கெஞ்சியிருக்கிறாள், ஆள் இல்லாம யாருக்கும்மா அளவு எடுக்கிறது என்று இவள் சீறியிருக்கிறாள். அது காதில் விழுந்ததுதான் தாமதம், சைக்கிள்கடைத் தங்கச்சி என்னை முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போய் அவள் முன்னால் நிறுத்திவிட்டு ஓடிவிட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். தையல்காரி குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டாள், என் தோளைப் பிடித்துத் திருப்பினாள், டேப்பை வைத்தாள். கேமரா இருப்பதையே மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். இடுப்பு அளவு எடுக்கும்போது, மூச்சை இழுக்காதே சம்பந்தி, பொய் அளவுக்கு நான் தைக்க மாட்டேன் என்று ஊசிகளுக்கு நடுவிலிருந்து சொன்னாள். கோபம் போய்விட்டதா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது, டேப்பைக் கொஞ்சம் இறுக்கித்தான் பிடித்தாள். அந்தப் பெண் கேமராவின் பின்பக்கத்தில் படத்தைக் காட்டினாள். அதில் அவள் முகம், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு டேப்பையே பார்க்கிற முகம். என்னுடையது வெறும் முதுகு, அகலமாக. அவள் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எனக்கு இவ்வளவு சுருக்கமா என்று மட்டும் கேட்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே, அளவு எடுத்தாச்சு, ஞாயித்துக்கிழமைக்குள்ள சட்டையைத் தைச்சுடறேன், மேடையில இந்தப் பழசோட வந்து நின்னா என் கடைக்குத்தான் கெட்ட பேரு என்றாள். வா என்று சொன்னாளா, வந்தால் இப்படி வா என்று சொன்னாளா, அவளுக்கு மனசு வந்து சொன்னாளா, கடைப் பேச்சாகச் சொன்னாளா, நேற்றிலிருந்து இதே யோசனைதான். நான் போவதா வேண்டாமா, நீ படித்தவள், நீ சொல். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை போயிருக்கும் என்பதும் தெரிகிறது, ஆனாலும் கேட்கிறேன். போனால் நாலு கடையையும் யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தது, உன் அப்பா ரொட்டிக்கடை ஏப்ரனை இப்போதே வாங்கி வந்து கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இன்று காலை தையல்காரி நூல் வாங்கக் கிளம்பினாள். என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் ஷட்டரையும் இறக்கவில்லை, கடை முழுசாகத் திறந்து கிடக்க, பையை மாட்டிக்கொண்டு நம் ஜன்னலை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போய்விட்டாள். வாசலில் போய் நின்றேன், உள்ளே போவதா கூடாதா என்று தெரியவில்லை, தெருவில் போகிறவர்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை, ஆணியிலேயே தொங்குகிறது. ஒருவர் வந்து கால்சட்டை தயாரா என்று கேட்டார், அவங்க வரட்டும், அவங்க கடை என்று சொல்லி அனுப்பினேன். தெருமுனையில் அவள் வருவது தெரிகிறது, நிறுத்துகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் நூறாண்டு ஒன்றாக இருக்க என் ஆசி. ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. குட்டியின் தொப்பியை மறக்காதே. பதில் எழுது, காலம் கடந்த பதிலானாலும் எழுது.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா