உடைந்த ஊசியின் நுனி

என் மாமாவுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருசம் ஆகிறது. என் வலது கை நடுக்கம் நீங்கள் பார்த்ததைவிட இப்போது மோசம். சேலைக்கு ஊக்குக் குத்திவிடுவதுகூட மகள்தான். மாத்திரைக்கு முன்போல் அடங்குவதில்லை. தலைக்குள் கம்பி வைக்கலாம் என்கிறார் கோயமுத்தூர் டாக்டர்.

மண்டையில் சின்னதாகத் துளை போட்டு மூளைக்குள் மெல்லிய வயர் விடுவார்களாம். நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேட்டரி. அதிலிருந்து சன்னமாகக் கரண்ட் போய்க்கொண்டே இருந்தால், கையை ஆட்டுகிற தப்பான சிக்னல் அடங்குமாம். நோய் போகாது, நடுக்கம் குறையும். கரண்டைக் கூட்டுவதும் குறைப்பதும் வெளியிலிருந்தே. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இவ்வளவு பொறுமை எதற்கு என்றுதான் எனக்குள் ஓடியது.

"ஏனுங்க டாக்டர், அந்த வயரு உள்ளுக்குள்ள உடஞ்சா பூராத் துண்டையும் எடுத்துருவீங்களா?" என்று கேட்டேன். மகள் என் காலை மிதித்தாள்.

நான் கேட்காமல் யார் கேட்பது? அனுப்பர்பாளையம் பனியன் கம்பெனியில் தையல் மெஷினுக்கு ஊசி கொடுக்கும் மேசை உங்களுடையது. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி. அங்கேயே தைத்துக்கொண்டிருந்த பெண்டாட்டிக்கும் அதே சட்டம். ஒருநாள் என் ஊசி உடைந்து நுனி மட்டும் கிடைக்கவில்லை. லைன் நின்றுபோய் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வேறொரு பழைய நுனியை ஒட்டி, "எல்லாம் இருக்குதுங்க" என்றேன். நம்பினீர்கள். குழந்தைச் சட்டைக்குள் கிடந்த நுனியை, துணிக்குள் இரும்பு இருந்தால் காட்டும் டிடெக்டர் மெஷின் பிடித்தது. ஆபீஸில் பேச்சு வாங்கியது நீங்கள். கடைசிவரை உங்களிடம் சொல்லவே இல்லை. அன்றிலிருந்து "எல்லாம் சரி" என்று யார் சொன்னாலும் எனக்குச் சந்தேகம்தான்.

இந்த டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. உடைவது அபூர்வம், உடைந்தால் மறுபடி ஆபரேஷன், ரத்தக்கசிவு ஆபத்தும் கொஞ்சம் உண்டு என்றார். பாதி நம்பினேன். அடுத்துச் சொன்னதுதான் தூக்கிவாரிப் போட்டது. வயர் வைக்கும்போது என்னை விழித்திருக்க வைத்துக் கரண்ட் விட்டு, கை நிற்கிறதா, நாக்குக் குழறுகிறதா என்று என்னிடமே கேட்பார்களாம்.

"நீங்க சொல்றத வெச்சுத்தானுங்கம்மா எடத்த முடிவு பண்ணுவோம்."

என்னை நம்பியா, மாமா?

ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் இருந்தால் போடச் சொல்லியிருப்பீர்களா? அந்த ஆபரேஷன் மேசையில் கை நின்றால் நின்றது என்பேன். நாக்குக் குழறினால் குழறுகிறது என்பேன். சுற்றி எத்தனை பேர் காத்து நின்றாலும், இந்தமுறை வேறு நுனியை ஒட்டிக் காட்டமாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி,
ருக்குமணி