நோக்கம் என்ற கட்டம்

அன்பிற்குரிய அப்பாவுக்கு மகனின் பணிவான வணக்கம். தங்கள் முழங்கால் வலி தணிந்ததா? நான் நலம்.

எங்கள் திருச்சபையின் தலைவர் பதவிக்கான தேர்தலில் நிற்கும் எங்கள் கிடங்கு மேலாளர், கால் முறிந்து மருத்துவமனையில் இருக்கும் எங்கள் வெல்டருக்காக அவர் கட்டிலருகே நின்று ஜெபித்தார்; நானும் உடனிருந்தேன். ஆமென் சொன்னதும் கைபேசியைப் பார்த்து, "அண்ணே, போட்டோ சரியா விழல. இன்னொரு தடவ கண்ண மூடுங்க" என்றார்.

"வேணும்னா இன்னொரு காலையும் ஒடச்சுக்கவா தம்பி?" என்றார் வெல்டர்.

மேலாளரைத் தோற்கடிக்கவே நானும் வேட்புமனுப் படிவம் வாங்கினேன். 'போட்டியிடும் நோக்கம்' என்ற கட்டத்தில் 'ஊழியம்' என்று எழுதியபோது, அவர் மீதிருந்ததைவிட என் மீதே அதிக அருவருப்பு உண்டாயிற்று. படிவத்தைக் கிழித்துவிட்டேன். எனக்காகத் தாங்கள் ஆசைப்பட்ட பதவிதான், மன்னியுங்கள்.

மாலைதோறும் வெல்டருடன் இருக்கிறேன். எங்கள் இருவருக்கும் பேச்சுத் தீர்ந்துவிட்டது. தங்கள் குரலில் வேதாகமச் சங்கீதம் ஒன்றைப் பதிவுசெய்து அனுப்புங்கள், சேர்ந்து கேட்போம்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

தங்கள் மகன்