எஸ்தர் எஸ்தராகவே

பர்மிங்காம்,
12.11.2023

அன்புள்ள செல்லக்கனி அக்காவுக்கு,

தம்பி ஜெபசிங் எழுதுவது. அத்தானுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் நீ அழுதுவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன்.

நீ கேள்விப்பட்டது உண்மைதான். சயின்டாலஜி என்ற புது மதத்தாரின் மையத்துக்குப் போகிறேன். நாரணாபுரம் பட்டாசு ஆலையில் எஸ்தர் வேலை பார்த்த அறை வெடித்து, கட்டிய மனைவியை இழந்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. நான் நர்ஸ் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஒரு தட்டு கீழே விழுந்தால்கூட வெளியே ஓடிவிடுகிறேன். மையத்தில் இரண்டு உலோகக் குழல்களைக் கையில் கொடுத்து, பழைய வேதனையைச் சொல்லச் சொன்னார்கள். எதிரே ஒரு மீட்டரில் முள் அசைந்தது. யாரும் குறுக்கே பேசவில்லை. பாரம் கொஞ்சம் இறங்கியது.

உடம்பு மனிதன் அல்ல, உள்ளே இருக்கும் 'தீட்டன்' என்ற அழியாத ஆவிதான் மனிதன், அது பிறவிதோறும் உடம்பு மாறும் என்கிறார்கள். அப்படியென்றால் எஸ்தர் எங்கேயோ பிறந்திருப்பாள். எனக்கு அது போதும். பிப்ரவரியில் அவளுக்கு நினைவு ஆராதனை வேண்டாம் என்று நம் சபைப் போதகர் ஐயரிடம் சொல்லிவிடு.

உன் தம்பி,
ஜெபசிங்

சாத்தூர்,
24.11.2023

பிரியமான தம்பிக்கு,

கர்த்தர் உன்னைக் கைவிடாமல் காப்பாராக.

முதலில் கோபமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். உன் அத்தான் விடவில்லை. "பய கெட்டுப்போயிட்டான்னு எழுதாத. அவன் பேசுனத அங்கன ஒருத்தன் உக்காந்து கேட்டிருக்கான், அது நல்லதுதான" என்றார். அதற்கு அவர்களுக்கு நன்றி.

அவர்கள் சொல்வதைத் தேடிப் படித்தேன். மனிதன் பயிற்சியால் படிப்படியாக ஏறித் தன்னை விடுவித்துக்கொள்ள வேண்டுமாம். நம்மால் ஏற முடியாது என்றுதானே தம்பி, கர்த்தர் இறங்கி வந்தார்? அவர்களுக்கு உடம்பு கழற்றிப் போடும் சட்டை. நம் ஆண்டவரோ உயிர்த்தெழுந்த பிறகும் ஆணி பாய்ந்த கையைக் காட்டினார், சீடர்களிடம் மீன் வாங்கிச் சாப்பிட்டார். துணியில் சுற்றிக் கொடுத்தார்களே, எஸ்தரின் அந்த உடம்பையும் அவர் வேண்டாமென்று தள்ளமாட்டார்.

எங்கேயோ அவள் பிறந்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு உன்னைத் தெரியாதே. எனக்கு எஸ்தர் எஸ்தராகவே வேண்டும்.

நீ எதை நம்பினாலும் என் தம்பிதான். எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

செல்லக்கனி

பர்மிங்காம்,
8.12.2023

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். பிறகு மையத்துக்குப் போனேன். வெடித்த நாளைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். "இதைப் போல இதற்கு முந்தையது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்கள். முன்பிறவி வரைக்கும் தேடலாமாம்.

"முந்தையது எதுவும் எனக்கு வேண்டாம். எஸ்தர்தான் வேண்டும்" என்றேன். அவள் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதேன். அவள் போன நாளில்கூட நான் அப்படி அழவில்லை. இனி வரவில்லை என்று சொன்னேன். மரியாதையாகத்தான் அனுப்பிவைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள தமிழ் ஆராதனைக்குப் போனேன். எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் 'சரீரம் உயிர்த்தெழுதலும்' என்ற இடம் வந்தபோது என் குரல் எனக்கே கேட்டது. ஆஸ்பத்திரியிலும் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மூச்சு விட முடிகிறது.

பிப்ரவரியில் நினைவு ஆராதனை நடக்கட்டும். லீவு கேட்டிருக்கிறேன்.

ஜெபசிங்

சாத்தூர்,
19.12.2023

என் கண்ணான தம்பி,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். உள்ளே போய் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன்.

அத்தானிடம் சொன்னேன். "வரட்டும். ஆனைக்குட்டம் டேமுல போயி மீனு வாங்கியாறேன்" என்றார், பிப்ரவரிக்கு இப்போதே.

வந்ததும் முதலில் சாப்பிடு. பிறகு கல்லறைத் தோட்டத்துக்கு மூன்று பேருமாகப் போவோம். அங்கே நீ எதுவும் பேச வேண்டியதில்லை. வெயில் தாழும் வரை இருந்துவிட்டு வருவோம்.

அக்கா