ஆய்வுக்காரருக்குச் சொன்ன பதில்

அன்பான அம்மாவுக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நான் சுகம். அப்பாவின் இருமல் குறைந்ததா? வாவியில் இறால் படுகிறதா?

‘கம்பஸில் உங்களை யாரும் அடித்தார்களா?’ என்று ஆய்வுக்காரர் வருடாவருடம் எங்களிடம் படிவம் தந்து கேட்பார்கள். போன வருடம் ராகிங் என்று சீனியர் டிலுக்ஷன் அண்ணா என்னைக் கல்லில் முழங்காலில் நிற்கவைத்து அடித்தார். ஆனாலும் பயத்தில் ‘இல்லை’ என்றே எழுதினேன்.

இந்த வருடம் அவர் தம்பி புதிதாக வந்திருக்கிறான். “நான் ஒண்டும் செய்யல்லியே அண்ணா” என்று அழுதான். “கொண்ணன் டிலுக்ஷனிட்டப் போய்க் கேள்” என்றேன்.

‘நீங்கள் யாரையும் அடித்தீர்களா?’ என்றும் இம்முறை படிவத்தில் கேட்டார்கள். அதற்கும் ‘இல்லை’தான்.

வகுப்புக்கு நேரமாகிறது. முழங்கால் வீக்கத்துக்கு அனுப்பிய எண்ணெயில் இன்னொரு போத்தல் அனுப்புங்கள். இப்போது உள்ளங்கைதான் நோகிறது.

உங்கள் மகன்,
ஜெரோம்