மலைமேல் நீ இன்னும் நன்றாக இருக்கிறாய்

பாவா,

துவைக்கப் போடலாம் என்று சைக்கிள் சட்டையை எடுத்து, பழக்கத்தில் அதன் முதுகுப் பைக்குள் கையை விட்டேன். நசுங்கிப் போன மரிக்கொழுந்து. வியர்வையில் ஊறி, வெயிலில் காய்ந்து, கறுத்துக் கிடந்தது. வாசனை மட்டும் போகவில்லை. வாஷிங் மெஷின் இருக்கிற மூலை முழுக்க அதுதான். போன ஞாயிற்றுக்கிழமை மலைமேலிருந்து உனக்குக் கொடுத்தனுப்பிய பூ அது. நீ போய் ஒரு தீபாவளி தாண்டிவிட்டது, பொங்கலும் தாண்டிவிட்டது, உனக்கு இன்னும் பூ வந்துகொண்டிருக்கிறது. இதை அக்காவிடம் சொல்ல முடியாது. என் வீட்டில் சொன்னால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். அதனால் உன்னிடமே சொல்கிறேன்.

அக்காவைக் கட்டிக்கொண்டு எனக்குப் பாவா ஆவதற்கு வெகுகாலம் முன்பே நீ எனக்குக் கூட்டாளி. சைக்கிள் வந்தது பிற்பாடுதான். கரும்பாலையில் ஷிப்ட் முடித்துத் திருவாலங்காட்டிலிருந்து நீ வருவாய். பொதட்டூர்பேட்டையில் தறியை நிறுத்திவிட்டு நான் வருவேன். கே.ஜி.கண்டிகை டீக்கடையில் சந்திப்போம். நாற்பதைத் தாண்டிய இரண்டு ஆட்கள் இறுக்கமான சட்டை போட்டுக்கொண்டு ரேஸ் சைக்கிளைச் சுவரில் சாய்த்தால் டீக்கடைக்காரர் சும்மா இருப்பாரா? "இன்னாங்க, வூட்ல வண்டிய புடுங்கிகினாங்களா?" என்று தினமும் கேட்பார். நீயும் தினமும் சிரிப்பாய். எனக்குத்தான் எரிச்சல் வரும்.

உனக்கு மேடு வேண்டும். அதுதான் உன் பைத்தியம். "சமதரையில ஓட்டறதுக்கு நான் இன்னா பால்காரனா?" என்பாய். போனில் மேப்பை விரித்து, கோடுகள் நெருங்குகிற இடமெல்லாம் செங்குத்து என்று விரலால் தடவிக் காட்டுவாய். நம் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான், ஆனால் எதற்கும் ரோடு இல்லை. சோளிங்கருக்குப் போனோம். அங்கே படிதான். "சைக்கிளத் தோள்ல தூக்கிகினு ஏறிடலாமா?" என்று கேட்டாய். நீ செய்யக்கூடியவன் என்பதால் உன் சைக்கிளை நான் பிடித்துக்கொண்டேன். நகரிப் பக்கம் போனோம். மலை மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது, கிட்டே போனால் முள்ளுக்காடு. கல்குவாரிக்குப் போகிற பாதை ஒன்று நல்ல ஏற்றம் என்று கண்டுபிடித்தாய். பாதி தூரத்தில் காவல்காரர் மறித்தார். மேலே எதற்குப் போகிறீர்கள் என்று அவர் தெலுங்கில் கேட்க, "எறங்கறதுக்கு" என்று நீயும் தெலுங்கிலேயே சொன்னாய். அந்த மனிதர் நம் சைக்கிள்களைச் சுற்றிச் சுற்றி வந்து மோட்டார் எங்கே என்று தேடினார்.

ஒருநாள் ஆந்திரப் பக்கமிருந்து எதிர்க்காற்றில் செத்துப் பிழைத்து வந்தோம். திருத்தணி பைபாஸில் மோர் குடிக்க நிறுத்தினோம். டம்ளரை வாயில் வைத்தபடி நீ அப்படியே மேலே பார்த்தாய்.

"டேய், இதுக்கு ரோடு கீதுடா."

"எதுக்கு பாவா?"

"இதுக்குடா!"

எனக்கு அப்போதும் புரியவில்லை. "அது மலையா பாவா? அது கோயிலு" என்றேன். நீ மோரைத் துப்பிவிட்டுச் சிரித்தாய். நம் இரண்டு பேருக்கும் முதல் மொட்டை போட்டது, காது குத்தியது, உன் கல்யாணம் நடந்தது, எல்லாம் அங்கேதான். படியில் ஏறியிருக்கிறோம், பஸ்ஸில் ஏறியிருக்கிறோம். இரண்டு மாநிலம் சுற்றி மலை தேடியவர்களுக்கு, தலைக்கு மேலே இருந்த ஒன்று மலையாகத் தெரியவே இல்லை.

ஏறிப் பார்த்தால் சின்ன ஏற்றம்தான். மூச்சு சூடாவதற்குள் உச்சி வந்துவிட்டது. நான் சலித்துக்கொண்டேன். "மலை சின்னதுன்னா இன்னொரு தடவ ஏறு, அவ்ளோதானே" என்று நீ வண்டியைத் திருப்பினாய். திருப்பியவன் உடனே நின்றாய். "இருடா. சாமி வூட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு மூஞ்சியத் திருப்பிகினு போவக் கூடாது." அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. எத்தனை தடவை ஏறினாலும், ஒவ்வொரு தடவையும் செருப்பு விடுகிற இடத்தில் இறங்கி, ஷூவைக் கழற்றி, கோபுரத்தைப் பார்த்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் அடுத்த இறக்கம்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் பூக்கடை சரோஜா. மேலேறி வந்ததும் முதல் கடை அவளுடையது. பின்னல் முட்டி வரைக்கும் தொங்கும். பூக்கட்டும்போது அதை மடியில் எடுத்துப் போட்டுக்கொள்வாள். மூன்றாவது ஞாயிறோ நான்காவது ஞாயிறோ, அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் நைனா, ஏறினே கீறீங்க, எறங்கினே கீறீங்க. இன்னா வேண்டுதலு?"

உடற்பயிற்சி என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டாய். "ஆங், வேண்டுதல்தான்கா. வெளிய சொல்லக் கூடாது." அதை அவள் நம்பிவிட்டாள். காவடி எடுக்கிறவர்கள், உருண்டு வருகிறவர்கள் என்று எவ்வளவோ பார்த்தவள். சைக்கிளில் ஏறுவதாக வேண்டிக்கொண்டவன் ஒருவன் இருக்க மாட்டானா? அதற்குப் பிறகு நாம் மேலே வரும்போதெல்லாம் "அரோகரா" என்று குரல் கொடுப்பாள். கடைசி வளைவில் கால் செத்துப்போயிருக்கும்போது அந்தக் குரல் கேட்டால், என் எரிச்சலையும் மீறி இன்னும் நாலு மிதி மிதிப்பேன்.

அதே கடைசி வளைவில்தான் நீ காலை ஊன்றினாய். நீ வழியில் காலை ஊன்றி நான் பார்த்ததே இல்லை. "காத்து பத்தலடா" என்றாய். தூசு என்றோம், பனி என்றோம், ஆலைப் புகை என்றோம். ஸ்கேனில் வேறு சொன்னார்கள். நுரையீரல் காய்ந்த பீர்க்கங்கூடு மாதிரி ஆகிக்கொண்டே வருகிறது, நிறுத்த வழியில்லை என்றார்கள். வேறு எந்த வியாதியாவது வந்து தொலைத்திருக்கக் கூடாதா? மூச்சைப் பிடித்து மலை ஏறினவனுக்கு மூச்சில்தான் வர வேண்டுமா? கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் போவதற்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாய். அப்போதும் விடவில்லை. "இதுதான்டா கிட்டக்க இருக்கற மலையிலயே பெரிய மலை" என்று, மூக்கில் குழாயோடு சிரித்தாய். நான் வெளியே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றேன்.

நான் தனியாக ஏறினேன். சரோஜா கேட்டாள், உன் வியாதியையும் ஆக்ஸிஜன் மெஷினையும் சொன்னேன். அவள் கட்டிக்கொண்டிருந்த சரத்தை வைத்துவிட்டுக் கோபுரத்தைப் பார்த்தாள். "நல்லா ஆயிட்டாருன்னா என் முடிய குடுத்துடறேன்னு வேண்டிகினேன் நைனா. அவருகிட்ட சொல்லு." வந்து உன்னிடம் சொன்னேன். நீ மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டாய். அப்புறம் சொன்னாய்: "அவ்ளோ முடிடா. அதுக்காகவாவது நான் பொழைக்காம இருக்கணும்."

உன்னைத் திட்டினேன். வாயைக் கழுவு என்றேன்.

மழை விடாமல் பெய்த ஒரு காலையில் நீ போனாய். அதைப் பற்றி எழுத மாட்டேன். மெஷின் சத்தம் நின்றதும் வீடு எப்படி இருந்தது என்று அக்காவுக்கும் எனக்கும் தெரியும், அது போதும். உன் சைக்கிளைத் தறிக்கொட்டகைச் சுவரில் மாட்டினேன். அதன்மேல் பஞ்சு படிந்தது. என் சைக்கிளின் டயரில் காற்று இறங்கியது. ஏற்றவில்லை. பொங்கல் கழித்துத்தான் ஒரு ஞாயிறு, ஏனென்று தெரியாமல், மலைக்குப் போனேன். முருகன் மேல் அவ்வளவு கோபம். மேலே போய்த் தரையைத் தொடாமல் திரும்பி வந்து அவன் மூஞ்சியில் கரி பூச வேண்டும் என்றுதான் ஏறினேன். பழக்கம் விட்டுப்போனதால் பாதி ஏற்றத்திலேயே களைத்துவிட்டேன். கடைசி வளைவு. "அரோகரா!" அவள்தான். எனக்கு மூச்சு வாங்கியது, கண் இருட்டியது.

"எப்படி கீறாரு நைனா?"

எல்லாரும் என்னைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். தறிக்கு வருகிறவர்கள், டீக்கடைக்காரர், எல்லாரும். அவள் ஒருத்திதான் வாய் நிறையக் கேட்டாள். அந்த ஊரில் அந்த ஓர் இடத்தில்தான் நீ சாகாமல் இருந்தாய்.

"ஆங், நல்லா கீறாரு" என்றேன்.

அவள் மரிக்கொழுந்து கிள்ளி, வாழைநாரில் சுற்றி, "வூட்ல அவருக்குக் குடு" என்றாள். அதற்கப்புறம் வாராவாரம். நான் வேறு மலை தேடியிருக்கலாம். தேடவில்லை. ஒவ்வொரு வாரமும் நீ கொஞ்சம் தேறினாய் பாவா. சோறு சாப்பிட்டாய். வாசலில் வந்து உட்கார்ந்தாய். அவள் கேட்கக் கேட்க எனக்கு வந்துகொண்டே இருந்தது. பூவைக் கொண்டுவந்து அக்கா கண்ணில் படாமல் உன் சைக்கிள் ஹேண்டில்பாரில் செருகுவேன். சில வாரம் அதையும் மறந்து பையிலேயே விட்டுவிடுவேன்.

இரண்டு வாரம் முன்பு கேட்டாள், "மெஷினு எடுத்துட்டாங்களா நைனா?"

"ஆங், எடுத்துட்டாங்க."

அது பொய் இல்லை பாவா. எடுத்துவிட்டார்கள். நானே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.

போன ஞாயிறு மேலே போனேன். "அரோகரா" கேட்டது. கடையில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மொட்டைத் தலை, அதில் சந்தனம். கிட்டே போன பிறகுதான் முகம் தெரிந்தது. தலையைத் தடவிக்கொண்டு வெட்கமாகச் சிரித்தாள். மடியில் பின்னல் இல்லாமல் வெறும் பூக்கூடைதான் இருந்தது.

"மெஷினு எடுத்துட்டாங்கன்னியே. நேத்து கிருத்திகை. குடுத்துட்டேன். வூட்டுக்காரரு கத்தினாரு. கத்தட்டும், சாமி நம்ம பக்கம் கீறாரு."

நான் அவள் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவர ஒருவாட்டி இட்டுகினு வா நைனா. ஏற முடியலன்னா கார்ல இட்டா. என் மொட்டையப் பாத்து சிரிக்கட்டும்."

"ஆங்" என்றேன்.

அடிவாரம் வரைக்கும் பிரேக்கை விடாமல் இறங்கினேன். கீழே வந்து, சொல்லிவிட வேண்டும் என்று வண்டியைத் திருப்பினேன். இன்னொரு தடவை ஏறினேன். கடைசி வளைவில் நீ நின்ற இடத்திலேயே காலை ஊன்றினேன். அங்கிருந்து அவள் தெரிந்தாள். யாரோ குடும்பத்துக்குப் பூ அளந்துகொண்டே, இல்லாத பின்னலைத் தள்ளக் கையை முதுகுக்குக் கொண்டுபோனாள். அதற்கு மேல் என் கால் ஏறவில்லை. உன் சட்டத்தை மீறி, வாசலுக்குப் போகாமலேயே திரும்பிவிட்டேன்.

நீ பிழைக்கவும் இல்லை, அவள் முடியும் மிஞ்சவில்லை. அது வளர்கிற வரைக்கும் எனக்குச் சொல்ல வாய் வராது. வளர்ந்த பிறகும் வராது. சட்டையை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டேன். உன் பூ என் கையிலேயே இருக்கிறது பாவா. இதை நான் யாரிடம் கொடுப்பேன்?