முப்பது படங்களில் ஒரே வீடு

பிப்ரவரி 3, செவ்வாய்

வந்துவிட்டார்கள். வெளிநாட்டு மழலையர் பள்ளி ஆசிரியர்கள் இரண்டு பேர், மூன்று வாரத்துக்கு. ஒருவன் ஆறடிக்கு மேல். வாசலில் குனிந்து நுழைந்ததுமே ஆயா 'நெட்டை' என்று பெயர் வைத்துவிட்டாள். இன்னொருத்தி வேறு நாட்டுக்காரி, கையில் எந்நேரமும் ஒரு குறிப்பேடு. அவளுக்கு 'நோட்டுக்காரி' என்று நான் வைத்தேன். இரண்டு பேரும் எங்கள் மொழியைக் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். மெதுவாகப் பேசினால் புரிந்துகொள்கிறார்கள்.

தலைமை ஆசிரியை எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, இவர்களிடமிருந்து நிறையக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். பத்தொன்பது வருடமாக நான்கு வயதுப் பிள்ளைகளை மேய்க்கிறேன். இத்தனை நாள் நான் என்ன, வாசலில் செருப்புக்குக் காவல் இருந்தேனா?

பிப்ரவரி 4, புதன்

நெட்டைக்கு இருப்பது சோம்பேறித்தனம். அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறான்.

விளையாடப் போகும் நேரம். நானும் ஆயாவும் சேர்ந்தால் ஐந்து நிமிடத்தில் முப்பது ஜோடி ஷூவையும் மாட்டிவிடுவோம். சுருட்டைமுடிக் குட்டி வழக்கம்போலக் காலை நீட்டினாள். நெட்டை என் கையைத் தடுத்துவிட்டு, அவள் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். பதினோரு நிமிடம். மற்ற இருபத்தொன்பதும் வாசலில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. கடைசியில் அவளே மாட்டினாள், வலதை இடதிலும் இடதை வலதிலும். அதற்கு ஒரு கைதட்டல் வேறு.

அவன் பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு எட்டுப் பிள்ளைகளாம். எட்டை வைத்துக்கொண்டு பதினோரு நிமிடம் காத்திருப்பது ஒரு வித்தையா?

பிப்ரவரி 6, வெள்ளி

பட்டாணியின் அம்மா வந்திருந்தாள். பட்டாணி என்று கூப்பிடுவது நாங்கள்தான், அவ்வளவு சின்ன உருவம். சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது, என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். க்ரேயானைக் கையால் தொடுவதில்லை. இந்த மாதக் கடைசியில் மதிப்பீட்டு அறிக்கை கொடுத்தாக வேண்டும். 'பேச்சு இல்லை, சிறப்புப் பள்ளிக்கு மாற்றலாம்' என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அடுத்த வருடம் அவள் இங்கே இல்லை. அந்தப் பள்ளி ஊரின் மறுகோடியில் இருக்கிறது. அம்மாவுக்கு மருந்துக் கடையில் வேலை. கொண்டுவிட்டுக் கூட்டி வர ஆள் கிடையாது.

வீட்டில் ஓயாமல் பேசுகிறாள் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். எல்லா அம்மாக்களும் இதையேதான் சொல்வார்கள். அவள் போனதும் வரைவு எழுதினேன். பிடிவாதம். ஆர்வமின்மை. பேச்சு இல்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

வயிறு எரிகிறது.

இருபத்தேழாம் தேதி பெற்றோர் வரும் ஓவியக் கண்காட்சி. வகுப்புச் சுவரில் முப்பது வீட்டுப் படங்களையும் மாட்டி முடித்திருந்தேன். நோட்டுக்காரி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"இதுல பிள்ளைங்க வரைஞ்சது எது?"

என்ன கேள்வி இது? எல்லாம் பிள்ளைகள் வரைந்ததுதான். கோடு கோணினால் நேராக்குவோம். வானம் விட்டுப்போனால் நீலம் அடிப்போம். மூலையில் மஞ்சள் காகிதச் சூரியன் ஒன்று ஒட்டுவோம். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வருகிற பெற்றோருக்குக் கிறுக்கலையா காட்டுவது? எந்தப் பள்ளியில் இதைச் செய்யவில்லை? பட்டாணி வரையவே மாட்டாள் என்பதால் அவளுடையதை முழுக்க நானே வரைந்தேன். அவள் அம்மா வந்து வெறும் சுவரைப் பார்க்க வேண்டாமே என்றுதான். அது கரிசனம் இல்லையா?

வீட்டில் இவரிடம் சொல்லிப் பொருமினேன். "அப்போ கண்காட்சி உன்னோடதா, பிள்ளைங்களோடதா?" என்று சிரித்தார். எல்லோருக்கும் இன்றைக்கு நான்தான் கிடைத்தேன்.

பிப்ரவரி 11, புதன்

முப்பதில் எது யார் வரைந்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. அதுதான் எரிச்சல்.

பிப்ரவரி 12, வியாழன்

ஒரு மணி நேரம் எனக்கு ஆசிரியர் கூட்டம், ஆயாவுக்கு விடுப்பு. நெட்டை தானாகவே வகுப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். திரும்பி வந்தபோது இரண்டு பேர் மேசைமேல், ஒருத்தி மேசைக்கு அடியில், நாலைந்து பேர் ஒரே அழுகை. நெட்டைக்கு விழி பிதுங்கிவிட்டது, சட்டையெல்லாம் தண்ணீர். பொய் சொல்வானேன், மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

நான் கத்தவில்லை. மூலையில் உட்கார்ந்து, கிட்டே இருந்த மூன்று பேருக்கு மட்டும் கேட்கும்படி கிசுகிசுவென்று ஒரு கதையை ஆரம்பித்தேன். மூன்று பத்தாயிற்று, பத்து முப்பதாயிற்று. மேசைக்கு அடியிலிருந்தவளும் தவழ்ந்து வந்தாள். நெட்டை வாய் பிளந்து நின்றான். யார் யாரை அடிக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே எனக்கு எப்படித் தெரிகிறது என்றும் கேட்டான். கையைப் பார்க்காதே, தோளைப் பார், தோள்தான் முதலில் ஏறும் என்றேன். நோட்டுக்காரியிடம் தாள் வாங்கி எழுதிக்கொண்டான்.

அவ்வளவு மோசமான ஆள் இல்லை.

பிப்ரவரி 16, திங்கள்

நோட்டுக்காரியின் பள்ளியில் ஒரு வழக்கமாம். தினமும் ஒரு பிள்ளையைப் பத்து நிமிடம் பார்த்துக் கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். நல்லது, கெட்டது, சுறுசுறுப்பு, மந்தம் என்று ஒரு சொல் வரக்கூடாது. இன்று நோட்டுக்காரி பட்டாணியைப் பார்த்து எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினாள்.

9:40 மேசைக்கு வருகிறாள். பக்கத்துப் பிள்ளையின் காதில் பேசுகிறாள். இருவரும் சிரிக்கிறார்கள்.
9:44 பழுப்பு க்ரேயானை எடுக்கிறாள்.
9:45 ஆசிரியை வருகிறார். க்ரேயானைக் கீழே வைக்கிறாள்.
9:47 ஆசிரியை போகிறார். எடுக்கிறாள்.
9:49 ஆசிரியை வருகிறார். வைக்கிறாள்.

என் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு என்னையே உளவு பார்க்கிறாளா? தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன். என்னவென்று சொல்வது? அதில் என்னைத் திட்டி ஒரு சொல் இல்லை. பொய்யும் இல்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

பீரோவில் பழைய படக் கட்டைத் தேடி எடுத்தேன். பட்டாணி சேர்ந்த முதல் வாரம் வரைந்தது. வீடு, சூரியன், இரண்டு பறவை. எல்லாம் என் கை. சூரியனை நகத்தால் உரித்தேன். அடியில் பழுப்பு, தாள் முழுக்க அழுத்தி அழுத்தி அடித்த பழுப்பு. வீட்டுக்காக நான் பூசிய வெள்ளைக்குப் பின்னாலும் அதுதான்.

நினைவு வந்துவிட்டது. "என்னம்மா இது, ஒண்ணுமே புரியலையே. குடு, மிஸ் அழகாக்கித் தரேன்" என்றேன். அவள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாட்டுக்கு வீடு போட்டேன்.

யாரு கேட்டா உன்னை? நாலு வயசுப் பிள்ளை கையில இருந்து பிடுங்கி... அப்புறம் அவளுக்கே பிடிவாதம்னு பட்டம் வேற. சிறப்புப் பள்ளிக்கு அனுப்பப் பாத்தியே. பத்தொன்பது வருஷம், எத்தனை பிள்ளைங்க. எனக்கு என் மேலயே அப்படி ஒரு கோபம் வருது.

பிப்ரவரி 20, வெள்ளி

கிளம்பிவிட்டார்கள். நெட்டை கடைசியாக ஒருமுறை கிசுகிசுக் கதை சொல்லிக் காட்டினார். ஐந்து பேர்தான் வந்தார்கள். போகப் போக வரும் என்றேன்.

நோட்டுக்கார அம்மாவிடம் பழுப்புப் படத்தைக் காட்டினேன். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. இந்தப் பத்து நிமிடப் பழக்கத்தை வேறொரு நாட்டிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர்தான் அவருக்குக் காட்டினாராம்.

"எனக்கு வந்த கோபத்துல மூணு மாசம் அவங்ககூட பேசலை. நீங்க ரெண்டு வாரம்தான்" என்றார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

பழைய படங்களையெல்லாம் கழற்றிவிட்டேன். நேற்றும் இன்றும் பிள்ளைகள் வரைந்த இருபத்தொன்பதை, ஒரு புள்ளி சேர்க்காமல் மாட்டினேன். ஒரே ஒரு வீடுகூட இன்னொரு வீடு மாதிரி இல்லை. ஒன்றில் வீடே இல்லை, வெறும் படிக்கட்டு. பட்டாணியின் இடத்தில் அவள் பெயர்ச்சீட்டு மட்டும் இருக்கிறது.

தலைமை ஆசிரியை வந்து பார்த்தார். "பிள்ளைங்க கிறுக்கினதை மாட்டவா உங்களுக்குச் சம்பளம்? வெள்ளிக்குள்ள சரிபண்ணுங்க."

நடைக்கூடத்தில் வெளிநாட்டு ஆசிரியர்களோடு அவர் நிற்கிற பெரிய படம், கீழே 'உலகத்தரக் கல்வி' என்று கொட்டை எழுத்தில். கற்றுக்கொள்ளச் சொன்னதும் இவர்தான். கற்றுக்கொண்டால் குற்றம் என்பதும் இவர்தான். இது எந்த ஊர் நியாயம்?

"சரியாத்தான் இருக்கு மேடம்" என்றேன். அடுத்த வருடம் எனக்கு எந்த வகுப்பு கொடுப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறதாம். யோசிக்கட்டும்.

பிப்ரவரி 26, வியாழன்

பெயின்ட் டப்பாவைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

பெற்றோர் வந்தார்கள். சில அப்பாக்கள் முகம் சுளித்தார்கள். ஓர் அம்மா படிக்கட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, இது எங்கள் மாடிப்படி, பதினாலு படி, எண்ணிப் போட்டிருக்கிறாள் என்று அங்கேயே நின்றுவிட்டார். தலைமை ஆசிரியை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் எழுத நினைத்தது அதற்கு முன் நடந்தது. காலையில் மற்றவர்கள் வருமுன்பே பட்டாணி வந்துவிட்டாள். நான் தள்ளி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். தானே தாளை எடுத்தாள், தானே உட்கார்ந்து வண்ணம் அடிக்க ஆரம்பித்தாள். தாள் முழுக்கப் பழுப்பு, நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு வட்டம். எவ்வளவு நேரம்தான் தூரத்திலேயே இருப்பது? கிட்டே போனேன். என்னை அறியாமல் கை நீல க்ரேயானை எடுத்துவிட்டது. பத்தொன்பது வருடக் கை, சொன்னால் கேட்கிறதா?

பட்டாணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

சாயங்காலம் பழைய வரைவைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புது அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இங்கேயே தொடர வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். 'பேச்சு' என்ற கட்டத்தில் எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

காலை 8:52. "தொடாதீங்க மிஸ். முடிஞ்சிருச்சு" என்று ஆசிரியையிடம் சொன்னாள். ஆசிரியை க்ரேயானைக் கீழே வைத்தார்.