முத்தரசி கஞ்சி காய்ச்ச மாட்டாள்

ஏலே ராஜசிங்கு,

அச்சாபீஸ்ல ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு தூங்குற உன்னை எழுப்பல. எழுப்பினா சண்டைதான் வரும். சோறு வடிச்சு மூடியிருக்கேன், கருவாட்டுக் குழம்பு அடுப்பு மேல இருக்கு. வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டு ராக்காயி அக்காட்ட குடு.

உன் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில என் கதையோட அச்சுப் புரூஃப்! புதையல் தேடிக் கப்பலேறுற பழைய கதையை வயசுப் பிள்ளைகளுக்காக ஒரு வருசம் உக்காந்து மாத்தி எழுதி, அச்சுல போடச் சொல்லி உன்கிட்ட குடுத்தேன். என் முத்தரசி கூப்பிட்டா கடலே எந்திரிச்சு நிக்கும். அவளை நீ முத்தரசன்னு ஆம்பளையாக்கிட்டே. முத்தரசிங்கிற பேரை மட்டும் அதே கப்பல்ல கஞ்சி காய்ச்சுறவளுக்கு வச்சிருக்கே. எம்புட்டுப் பெரிய மனசு! "பொம்பளப் பிள்ளை கடல் தாண்டினா எவன் வாங்குவான்"னு ஓரத்துல உன் பென்சில் குறிப்பு வேற.

நான் சிவகாசி பஸ் ஏறுறேன். அச்சேறுமுன்ன உங்க மொதலாளிகிட்ட என் நோட்டை நானே குடுக்கப் போறேன்.

நாலு மணிக்கு என்னைப் பொண்ணு பார்க்க சாத்தூர்க்காரக வாராக. கேசரிக்கு ரவை வறுத்திருக்கேன். நான் வரலைன்னா நீயே என் பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டு உக்காரு. பொண்ணை ஆணாக்கத் தெரிஞ்சவனுக்கு இது என்ன பெரிய வேலை?

அக்கா
தேவமணி

பி.கு: புயல்ல முத்தரசன் செத்துப்போன அம்மாவை நினைச்சு அழுற நாலு வரி நீயா சேர்த்தது. அம்மா போனப்ப நீ அழவே இல்லைன்னு இம்புட்டு நாளா உன்மேல கோவமா இருந்தேன். அந்த நாலு வரியையும் என் நோட்டுல அப்படியே எழுதிக்கிட்டேன். முத்தரசி அழட்டும்.